நோம்பி முடிந்து திரும்பாதவர்கள்

1

விடுமுறை முடிந்து ஆலை திறக்கிற காலையில் மனிதவள மேலாளர்கள் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. வியட்நாமில் சந்திரப் புத்தாண்டை டெட் என்கிறார்கள். நம் பக்கத்துப் பொங்கலையும் தீபாவளியையும் சேர்த்துக் கட்டினால் எப்படியோ அப்படியான நோம்பி. ஹனோய்க்குத் தெற்கே, நான் வேலை பார்க்கும் பின்னலாடை ஆலை அந்த நாட்களில் காலியாகிவிடும். எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பதுதான் கேள்வி. திரும்பாதவர்களின் மெஷின்கள் மூடிப்போட்டபடி கிடக்கும். புதிதாக ஆள் எடுத்துப் பழக்குவதற்குள் அந்த சீசனே போய்விடும்.

இந்த ஆண்டு நான் விடியும்போதே கேட்டில் போய் நின்றேன். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக உள்ளே வந்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசிப் பலகாரத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். ஏறக்குறைய எல்லோரும் வந்துவிட்டார்கள். என் மேலதிகாரி லின், தைவான்காரர், லேசில் சிரிக்காதவர், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

அந்தச் சந்தோஷம் மதியம் வரை நிற்கவில்லை. திருப்பூர் நல்லூரிலிருந்து அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"கண்ணு, பொங்க நோம்பிக்குப் போனவிய பாதிப் பேரு வரல. பீகார் பசங்களும் இல்ல, திருநெல்வேலிக்காரங்களும் இல்ல. நம்ம டெய்லர் மேரிகூட நின்னுடுச்சு."

"போன் பண்ணிப் பாத்தீங்களாண்ணா?"

"எடுக்க மாட்டேங்கறாங்க. நீ அங்க அத்தன பேர வெச்சு ஓட்டறயே, எனக்கொரு வழி சொல்லு. ஷிப்மென்ட் நெருங்குது. என்ன பண்றதுன்னே தெரியல."

அண்ணன் சாமிநாதன் நல்லூரில் ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார். திருப்பூரின் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்து, செக்கிங் பண்ணித் திருப்பி அனுப்பும் ஜாப் ஒர்க். பத்தாவது முடிக்காமல், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனவர், டெய்லராகி, சூப்பர்வைசராகி, யூனிட் போட்டார். என்னைக் கோயம்புத்தூரில் சமூகப் பணி படிக்க வைத்தவரும் அவர்தான். அவர் என்னிடம் வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

2

நான் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு இந்த ஊர்ச் சாயப் பட்டறையில் வேலை கிடைத்தது, நானும் வந்தேன். திருப்பூரில் வெல்ஃபேர் ஆபீசராக இருந்த அனுபவத்துக்கு இங்கே எச்ஆர், அதாவது மனிதவள மேலாளர் வேலை கிடைத்தது. கிடைத்த வேலையில் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. சான்றிதழில் நான் செ. சுமதி, பாஸ்போர்ட்டில் சுமதி சென்னியப்பன். இரண்டும் ஒருத்திதான் என்று நிரூபிக்க ஒவ்வொரு அலுவலகமாக முத்திரை வாங்கினேன். கடைசியில் அப்பா பேரே எனக்கு நிலைத்துவிட்டது. ஆலையில் சிலருக்கு நான் இன்றைக்கும் 'மிஸ் சென்னி'.

மொழி அதைவிட மோசம். 'ங' என்ற எழுத்தை நாம் அரிச்சுவடியில் படித்ததோடு சரி, அதை வைத்துப் பேச்சைத் தொடங்கியதே இல்லை. இங்கே அதில்தான் பாதிச் சொற்கள் தொடங்குகின்றன. 'ஙீ' என்று ஒரு மாதிரி இழுத்தால் 'யோசி'. இன்னொரு மாதிரி இறக்கினால் 'ஓய்வெடு', 'வேலையை விட்டு நில்'.

லான் என்று ஒரு டெய்லர் இருந்தாள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆளில்லை, ஷிப்டை மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "யோசித்துப் பார்" என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் என் உதவியாளர் ஹான் ஓடிவந்து, "லானை ஏன் நிறுத்தினீர்கள்? தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அழுதபடி போகிறாள்" என்றாள்.

ஹானின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து லான் வீட்டுக்கே போனேன். அவள் மாமியார் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் தப்பாக இழுத்த 'ஙீ'யை லான் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். மறுநாள் வேலைக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்து இருக்க ஆலையில் ஓர் அறை கேட்டு லின்னிடம் நின்றேன். அவர் கருணையால் அதற்குச் சம்மதிக்கவில்லை. பழகிய டெய்லர் போனால் உற்பத்தி எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். அன்பைக்கூடக் கம்பெனிக்கு லாபமாகக் காட்டத் தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்த லாபம் குறைந்து போகிற நாளில் அறையைப் பூட்டவும் தயங்கமாட்டார்கள்.

3

அண்ணனின் குரல் கேட்டு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். மகள் தர்ஷினிக்குப் பள்ளி இருந்ததால் தனியாகத்தான் போனேன். உண்மையில் அவளுக்கு வர விருப்பமும் இல்லை.

யூனிட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்தது. செக்கிங் டேபிளில் ஆல்டர் பீஸ் குவிந்து கிடந்தது. தையல் பிசகி, பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியவை. எல்லாம் குழந்தைகள் டீசர்ட், நெஞ்சில் நத்தைப் படம், கழுத்தில் பச்சைப் பட்டி. அந்தப் பட்டியை வளைத்துத் தைக்கப் பழகிய கை வேண்டும். பழகிய கைகள் போய்விட்டன. அன்றாடம் கான்ட்ராக்டர் அனுப்புகிற புது ஆட்கள் தைத்ததில் பட்டி பாம்பாக நெளிந்திருந்தது. அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். கத்தக் கத்த அந்தப் பையன்கள் தைத்த பட்டி இன்னும் நெளிந்தது.

பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"எத்தன நாளா இப்படிங்கண்ணா?"

"அது கெடக்குது கண்ணு. நீ ஆளுகளுக்கு வழி சொல்லு."

"வழியே அதுதாங்கண்ணா."

அவருக்குப் புரியவில்லை. புரியாததில் குற்றமும் இல்லை. கம்பெனி கொடுக்கிற பீஸ் ரேட்டில் அவர் கையில் எதுவும் நிற்பதில்லை. ராத்திரி பகலாக ஓடுகிறவருக்குத் தாழ்ப்பாள் கண்ணில் படாது. எங்கள் ஆலையில் குழந்தைகள் அறை வைக்க இடமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. அண்ணனிடம் இருந்ததெல்லாம் குரல் ஒன்றுதான்.

அன்றே தச்சரை வரச் சொல்லித் தாழ்ப்பாள் போட்டேன். பிறகு, "மேரியக்கா ஊட்டுக்குப் போலாம், கெளம்புங்க" என்றேன்.

"நானா? மொதலாளி போயிக் கூப்பிடறதா?"

"நான் அங்க ஒரு டெய்லர் ஊட்டுக்கே போனேங்ணா."

பேசாமல் வண்டியை எடுத்தார். மேரி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்து நல்லூரிலேயே லைன் வீட்டில் குடியிருப்பவர். யூனிட் தொடங்கிய நாளிலிருந்து இருந்த டெய்லர். எங்களைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை.

"ஏன் மேரி, சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டே?"

"நான் எங்க நின்னேன் மொதலாளி? மவளுக்குப் பேறுகாலம், நாலு நாள் கூட வேணும்னு கேட்டேம்லா? 'போனா அப்படியே போயிரு'ன்னு நீங்கதான சொன்னிய. எல்லாப் பிள்ளேளும் கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அதாம் போயிட்டேன்."

"அது ஷிப்மென்ட் அவசரத்துல..."

"அவசரம் ஒங்களுக்கு மட்டுந்தானா? எம் மவ மூணு நாளா வலியில கெடந்தா."

எனக்கு நினைவு தெரிந்து அண்ணன் தன்னிடம் வேலை செய்கிறவர்களிடம் 'ங்க' போட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார்: "வாய் தவறிப் போச்சுங்க மேரி. கொழந்த என்னங்க?"

"பையன்" என்றார் மேரி. அதற்குப் பிறகுதான் அண்ணன் உட்கார்ந்தார்.

மேரி வந்தார். தன்னோடு போனவர்களையும் பேசிக் கூட்டிவந்தார். பீகார் பையன்களில் ஒருவன் அவருக்குப் போன் பண்ணி, தங்கும் இடத்தில் தண்ணீர் வருமா என்று கேட்டான். வரும் என்று சொல்ல வைத்துவிட்டு, அண்ணனை அதற்கு ஏற்பாடு செய்ய வைத்தேன். யாருக்கு எப்போது ஊர்த் திருவிழா, எப்போது பேறுகாலம் என்று முன்கூட்டியே கேட்டுச் சுவரில் எழுதினோம். நான் கிளம்பும்போது லைன் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆல்டர் குறைந்திருந்தது. அண்ணன் கத்துவதை நிறுத்தவில்லை, ஆனால் கத்திவிட்டுத் தானே போய் டீ வாங்கிக் கொடுத்தார். ஷிப்மென்ட் போய்விட்டது, தாமதமாகத்தான்.

பஸ் ஏற்றிவிட வந்தவர், "படிச்ச படிப்பு வீண் போகல சாமி" என்றார். வண்டி பல்லடம் தாண்டும் வரை எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

4

தர்ஷினி வீடியோவில் மாமனைப் பார்த்தால், "ஹாய் மாமா" என்று கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நான் திரும்பி வந்த வாரம் அண்ணன் அவளை நிறுத்தி, "அம்முணி, உங்கம்மாள வெசனப்படாம இருக்கச் சொல்லு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "வெசனம்னா என்னம்மா?"

"கவலை."

"கவலைன்னா?"

நான் வியட்நாம் மொழியில் சொன்னேன். "ஓ, லோ" என்றாள். எனக்குத் தெரிந்து நான் சரியாக இழுத்துச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுது பாப்பா?" என்றார். "ஒண்ணுமில்லீங்ணா" என்றேன்.

அவர் எதற்கு வெசனப்பட வேண்டாம் என்றார் என்பதை அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

5

அடுத்த சில வாரங்களில் எங்கள் ஆலையின் கூட்ட அறைக்கு எல்லா மேலாளர்களையும் லின் கூப்பிட்டார். ஆடை வாங்கும் புதிய பையர் ஒருவரின் பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது என்றார். திரையில் ஒரு படத்தைப் போட்டார். விடுமுறைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் திரும்பிய விகிதம். "பையர் எல்லாவற்றையும் விட இதைத்தான் பார்த்தார். ஆட்கள் நிலையாக இருக்கும் இடத்தில்தான் சரக்கு நேரத்துக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். இதில் மிஸ் சென்னியின் பங்கு பெரிது." எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து தலைகுனிந்து நன்றி சொன்னேன்.

பிறகு மாதிரித் துணியை மேசைமேல் வைத்தார்கள். குழந்தைகள் டீசர்ட். நெஞ்சில் நத்தை. கழுத்தில் பச்சைப் பட்டி.

ஹான் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றாள். நானும் தலையாட்டினேன். நான் எப்படி என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கணவருக்குப் போன் பண்ணினேன். "வேற கம்பெனிக்குப் போறது ஒங்க கம்பெனிக்கு வந்திருக்குது. நீ இல்லீன்னாலும் மச்சானுக்கு அது நின்னுருக்காது" என்றார். கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்தக் கணக்கு எனக்குப் போதவில்லை.

மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. மதிய இடைவேளையில் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நத்தை என்றதுமே நிறுத்தினார்.

"தெரியும் கண்ணு. கம்பெனில ஆர்டரப் பாக்கற மெர்ச்சண்டைசர் தம்பி, நீ இங்கிருந்து கெளம்பின வாரமே வந்து சொன்னாப்டி. போன சீசன் லேட்டு, இந்த சீசனும் லேட்டு, பையர் வியட்நாமுக்கு மாத்திட்டாங்கன்னாப்டி. எந்தக் கம்பெனின்னு நான் கேக்கல. கேட்டு என்ன பண்றது?"

"இப்பத்தான லைன் சரியா ஓடுதுங்ணா? அதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'இத போன வருசமே பண்ணியிருக்கோணுங்ணா'ன்னாப்டி."

போனில் மெஷின் சத்தமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஆளுகெல்லாம்?"

"மேரி எல்லாத்தையும் வேற கம்பெனிக்குக் கூட்டீட்டுப் போயிருச்சு. நாந்தான் போகச் சொன்னேன். வேலையில்லாம எத்தன நாளைக்கு ஒக்கார வெக்கறது? பாவம், போறப்ப அழுதுச்சு." பிறகு கேட்டார். "கண்ணு, அந்த ஆர்டருக்கு ஆளு எடுப்பீங்கல்ல? எனக்கு அங்க ஒரு சூப்பர்வைசர் சோலி கெடைக்குமா? அந்தப் பட்டி தெக்கறது எனக்குத் தெரியும்."

6

முயன்றேன். வெளிநாட்டுக்காரருக்கு வேலை அனுமதி வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். பட்டம் இல்லையென்றால் பயிற்சிச் சான்றும், முன்பு வேலை செய்த நிறுவனம் கொடுக்கும் அனுபவச் சான்றும் வேண்டும். அண்ணன் கடைசியாக ஒருவரிடம் சம்பளம் வாங்கியது எந்தக் காலத்திலோ. அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த முதலாளியும் இல்லை. அதற்குப் பிறகு அவரே முதலாளி. முதலாளிக்கு யார் அனுபவச் சான்று கொடுப்பது?

இதை அவரிடம் சொன்னேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்தது. யூனிட்டின் லெட்டர்பேடில் டைப் அடித்திருந்தது. திரு. சாமிநாதன் அவர்கள் எங்கள் நிறுவனத்தில் தொடக்கம் முதல் பணியாற்றினார், நேர்மையானவர், கடும் உழைப்பாளி, அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். கீழே உரிமையாளர் கையெழுத்து, சாமிநாதன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அதை அப்படியே மொழிபெயர்த்து லின்னிடம் எடுத்துப்போனேன், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மொழிபெயர்ப்பைப் பொறுமையாகப் படித்தார்.

"ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது."

"ஆமாம். என் அண்ணன்."

"வருந்துகிறேன், சென்னி. அரசாங்க அலுவலகம் இதை ஏற்காது. ஏற்றாலும், யூனிட்டை நடத்த முடியாமல் மூடியவரை லைனுக்குப் பொறுப்பாகப் போடுவது நம் விதிப்படி சரிவராது." கெட்ட மனிதர் இல்லை. தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணனிடம் அனுமதி கிடைக்காது என்பதை மட்டும் சொன்னேன். "செரி கண்ணு" என்றார். அந்த மாதமே மெஷின்களை விற்றுவிட்டார். அண்ணன் வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை என்று அவர் மனைவி, என் நங்கை, போனில் அழுதார். காலையில் யூனிட்டைத் திறந்து வெறும் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாராம். நான் அவருக்குத் தினமும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆட்களைத் தக்கவைப்பது எப்படி என்று நான் எழுதிய குறிப்பை லின் கம்போடியாவில் இருக்கிற கிளைகளுக்கெல்லாம் அனுப்பியிருந்த சமயம் அது. என் அண்ணனைத் தக்கவைக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

கடைசியில் மேரிதான் வந்தாராம். கூடத்து வாசலில் நின்று, "எங்க கம்பெனியில லைனுக்கு ஆளு கேக்காவ. நான் சொல்லி வச்சிருக்கேன். எந்திரிச்சு வாங்க" என்றாராம். அண்ணன் எழுந்து போனார்.

7

புது ஆர்டருக்கு ஆள் எடுக்கும் வேலை தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்களை ஹானும் நானும் பார்த்தோம். ஒருவர் அண்ணன் வயதுக்காரர். நன்றாகத் தேய்த்த சட்டை. முன்பு எங்கே வேலை செய்தீர்கள் என்று ஹான் கேட்டாள்.

"வேலை செய்யவில்லை. வீட்டிலேயே தையற்கூடம் வைத்திருந்தேன்."

"ஏன் விட்டீர்கள்?"

அவர் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த லைனைப் பார்த்தார். "என் ஆட்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்" என்றார். குரலில் கோபம் இல்லை. லைனிலிருந்து லான் அவரைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தாள்.

ஹான் என்னைத் தனியே இழுத்து, அனுபவச் சான்று இல்லை, வயதும் கூடுதல், வேண்டாம் என்று எழுதவா என்றாள். எழுதாதே என்றேன். உள்ளூர்க்காரருக்கு அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை, என் கையெழுத்துப் போதும். போட்டேன். அவர் எழுந்து, தன்னைவிட இளையவளான என்னை அக்கா என்று அழைத்து நன்றி சொன்னார். முதலாளியாக இருந்தவர் அந்தச் சொல்லுக்கு எப்படி வந்து சேர்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உடனே அண்ணனிடம் பேச வேண்டும் போலிருந்தது. மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். ஆச்சரியமாக, எடுத்தார். பின்னால் மெஷின்கள் இரைந்தன.

"அண்ணா, சாப்பிட்டீங்களா?"

"இனிமேத்தான் கண்ணு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லைன்ல நின்னு போன் பேசக்கூடாதுன்னு இங்க எச்ஆர் பாப்பா சொல்லியிருக்குது. பாத்தா வையும். வெச்சர்றேன்."

வைத்துவிட்டார். நான் நின்ற படிக்கட்டின் சுவரிலும் அந்த விதி எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.